முதலைக்கு இப்போ சார்ஜ் ஏறிட்டு இருக்கு

இன்னைக்கு மார்கழி மாச எபிசோடு. சென்னைக்கு ஏது குளிர்காலம்னு சிரிக்காதீங்க. ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே நம்ம ஊர்ல மஃப்ளர் வெளிய வந்துடும். அந்தச் சின்ன இறக்கம் ஒரு முதலையோட காலை நேரத்தையே மாத்திடுது. குழந்தையைக் கூட்டிட்டு ஜூவுக்குக் கிளம்பறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன்.

போன தை மாசம் அக்கா பொண்ணோட முதலைகள் இருக்கற இடத்துல நின்னுட்டு இருந்தேன். அவளுக்கு நாலு வயசு. கரையில ஒரு முதலை வாயைப் பிளந்துகிட்டு கிடந்தது, அசைவே இல்லை. "சித்தி, இது பொம்மையா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல ஒருத்தர் தன் பையன் கையில கல்லைக் கொடுத்து, "போடுடா, எந்திரிக்குதான்னு பாப்போம்"னார். கல் விழுந்தது. முதலை சரக்குன்னு தண்ணிக்குள்ள போயிடுச்சு. கூட்டம் கை தட்டியது. இவளும் தட்டினா.

அந்தக் கைதட்டலுக்காக முதலை என்ன விலை கொடுத்தது தெரியுமா?

நம்ம உடம்பு எப்பவும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கு. உள்ள ஒரு அடுப்பு எரிஞ்சுகிட்டே இருக்கறதாலதான். அதுக்கு விறகு, நாம சாப்பிடற சாப்பாடு. புலி, யானை, பறவை எல்லாத்துக்கும் இப்படித்தான். முதலை, பாம்பு, ஆமைக்கு அப்படி ஒரு அடுப்பு இல்லை. சூட்டை வெளியில இருந்துதான் வாங்கணும். பள்ளிக்கூடத்துல 'குளிர் ரத்தப் பிராணி'ன்னு படிச்சிருப்போம். அந்தப் பேர் கொஞ்சம் ஏமாத்தும். நல்லா வெயில் காய்ஞ்ச முதலையோட உடம்பு 30 டிகிரிக்கு மேலயே இருக்கும்.

அடுப்பு இல்லாததுல ஒரு லாபமும் இருக்கு. அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவைப்படற சாப்பாட்டுல சுமார் பத்துல ஒரு பங்கு இருந்தாலே ஊர்வன தாக்குப்பிடிக்கும். அதனால அது அசையாம கிடக்கறது சோம்பேறித்தனம் இல்லை, சிக்கனம். வாயைப் பிளந்திருக்கறதும் கோபத்துல இல்லை. வாய்க்குள்ள இருக்கற ஈரம் ஆவியாகும்போது தலை ரொம்பச் சூடாகாம இருக்கும். உடம்பு மட்டும் வெயிலை வாங்கிட்டே இருக்கும்.

இப்போ கல்லுக்கு வருவோம். தண்ணி, காத்தைவிட பல மடங்கு வேகமா சூட்டை இழுத்துக்கும். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா சேர்த்த சூடு தண்ணியில கரைஞ்சு போகும். அந்தச் சூடு இல்லைன்னா சாப்பிட்டது சரியா செரிக்காது, நோயை எதிர்க்கற சக்தியும் குறையும். நாள் முழுக்க ஆளாளுக்கு ஒரு கல் போட்டா யோசிச்சுப் பாருங்க. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட 38ஜே பிரிவு, ஜூவில விலங்குகளைச் சீண்டறது, தீனி போடறது, கத்தித் தொந்தரவு பண்றது எல்லாத்தையும் தடை செய்யுது.

ஆனா நாலு வயசுக் குழந்தைகிட்ட சட்டம் பேச முடியாதே. "முதலை சூரியன்ல சார்ஜ் போட்டுட்டு இருந்துச்சு. அவங்க பிளக்கைப் பிடுங்கிட்டாங்க"ன்னு சொன்னேன். உடனே புரிஞ்சுது. அடுத்து ஆமைகிட்ட போனதும், "இதுக்கு எத்தனை பர்சென்ட் சித்தி?"ன்னு மெதுவா கேட்டா.

குளிர்ல குழந்தையோட கணக்கும் வேற. பெரிய அண்டாவுல இருக்கற சாதம் ரொம்ப நேரம் சூடா இருக்கும். தட்டுல பரப்பினா சட்டுனு ஆறிடும். யானை அந்த அண்டா மாதிரி. சூட்டை எப்படி வெளியேத்தறதுங்கறதுதான் அதோட கவலை, காதை வீசறதும் அதுக்காகத்தான். குழந்தை தட்டுச் சாதம் மாதிரி. உங்களுக்குக் குளிரலைன்னாலும் அதுக்குக் குளிரலாம். காலையில ஒரு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டுப் போங்க.

வண்டலூர் போறவங்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காணும் பொங்கல் அன்னைக்குக் கூட்டம் அள்ளும், சின்னக் குழந்தையோட போகாம இருக்கறது நல்லது. இடம் 602 ஹெக்டேர். எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டணும்னு இழுத்துட்டு ஓடாதீங்க. வெயில் நல்லா ஏறின பிறகு, பத்து பதினோரு மணிக்கு முதலைகிட்ட போங்க. உள்ள இருக்கற ஓட்டேரி ஏரிக்கு இந்தப் பருவத்துல வலசைப் பறவைகள் தானாவே வந்து இறங்கும். கூண்டு கிடையாது, அதையும் காட்டுங்க.

முதலை முன்னாடி நிக்கும்போது குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்க: அது மூச்சு விடறதைக் கண்டுபிடிக்கணும். விலாப் பக்கத்தையே பாத்துட்டு இருக்கணும். ரெண்டு நிமிஷம் ஆகலாம். கண்டுபிடிச்சுட்டா, அது பொம்மை இல்லைன்னு குழந்தையே உங்களுக்குச் சொல்லும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.