வரைந்தது நீங்கள், உரிமை யாருக்கு?

யாளியின் முகமும் பருந்தின் சிறகும் பாம்பின் வாலும் கொண்ட ஓர் உயிரை மனத்திலிருந்து வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரைந்து முடித்த அந்தக் கணமே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டியதில்லை. ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இந்த விஷயத்தில் தாராளமானது. கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓவியம் ஓவியமே என்கிறது அதன் 2-ஆம் பிரிவு. பத்தாம் வகுப்பு மாணவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்ட டிராகனுக்கும், பேர்பெற்ற ஓவியரின் கித்தானுக்கும் இங்கே ஒரே பாதுகாப்புதான். வரைந்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது 70 ஆண்டுகள்.

ஆனாலும் வெளியில் காட்டினால் திருடிவிடுவார்கள் என்று எத்தனையோ பிள்ளைகள் படங்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்காக ஒளித்து வைப்பது சரியான வழி அல்ல. பிறர் கண்ணில் படாத படத்தில் இருக்கும் பிழை வரைந்தவர் கண்ணுக்கும் படாமலே போய்விடும். சிறகு முதுகில் எங்கே முளைக்கிறது என்பது தெளிவாக இல்லை, வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் வேறொரு பக்கமும் விழுகிறது என்று இன்னொருவர் சொல்லும்போதுதான் அடுத்த படம் மேம்படுகிறது. திருடர்களால் இழந்தவர்களைவிட, எழுதி வாங்காமல் வேலை செய்தும் படிக்காமல் ஒப்புக்கொண்டும் இழந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

ஒரு நாவலாசிரியர் தன் மாயக்கதைக்கு அட்டைப்படம் கேட்கிறார். 3,000 ரூபாய் பேசி வரைந்து கொடுக்கிறீர்கள். பதிப்புரிமை யாருக்கு? வரைந்தவருக்குத்தான் என்று எல்லோரும் நினைப்போம். சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு வரையும் ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நாளைக்கு அதே படம் டி-ஷர்ட்டில் வந்தாலும், கைபேசி விளையாட்டில் வந்தாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது. அதை உங்கள் பெயரில் அச்செடுத்து விற்க நீங்கள்தான் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்க வக்கீல் தேவையில்லை. ‘வேறு ஒப்பந்தம் இல்லாதபோது’ என்று சட்டம் விட்டுவைத்திருக்கும் கதவே போதும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள்: இந்த ஓவியத்தின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும், நாவலின் அட்டையிலும் அதன் விளம்பரத்திலும் மட்டும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து ‘சம்மதம்’ என்று பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கூடவே, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், வேலை பாதியில் நின்றால் அட்வான்ஸ் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

முழு உரிமையையும் விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. கொடுப்பதில் தவறில்லை, ஆனால் வாய்ச்சொல்லில் உரிமை கைமாறாது. 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். ‘எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்’ என்ற வாசகத்தைக் கண்டால் அங்கே நின்று விலையைத் திரும்பப் பேசுங்கள். வரைபவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் இன்னொன்றும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர் போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. பள்ளிப் பிள்ளைகளின் படங்களை ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டவர்களிடம் பெற்றோர் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.

உரிமையை விற்ற பிறகும் உங்களிடம் எஞ்சுவது ஒன்று இருக்கிறது. 57-ஆம் பிரிவு அதைக் காக்கிறது: இதை வரைந்தது நான் என்று சொல்லும் உரிமை, என் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக வடித்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல், மிஞ்சிய சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. அரசாங்கத்தின் சொத்தாகவே ஆகிவிட்ட படைப்பிலும் படைத்தவனுக்கு உரிமை உண்டு என்ற தீர்ப்பு அது. உங்கள் படத்தின் ஓரத்தை வெட்டி, கையெழுத்தை அழித்துப் போடுகிறவர்களுக்கு எதிராக இந்தப் பிரிவைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

ஓவியப் போட்டிகளின் விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘அனுப்பப்படும் எல்லாப் படங்களும் அமைப்பாளருக்கே சொந்தம்’ என்று இருந்தால், பரிசு பெறாத நூற்றுக்கணக்கான படங்களையும் அவர்கள் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பொருள். நுழைவுக் கட்டணமும் கேட்டால் விலகிவிடுவதே நல்லது. இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களின் கதை வேறு. அங்கே உரிமை உங்களிடமே இருக்கிறது. படத்தைச் சேமிக்கவும் காட்டவும் பிறருக்கு உள்உரிமம் வழங்கவும் தளத்துக்கு மட்டும் கட்டணமில்லா அனுமதி கொடுக்கிறீர்கள். பார்க்கிற மூன்றாம் நபருக்கு அதனால் எந்த அனுமதியும் கிடைப்பதில்லை. கூகுளில் கிடைத்தது, அதனால் எடுத்தேன் என்பது சட்டத்தின் முன் பதிலே ஆகாது.

இனி, எடுக்க வருகிறவர்களைப் பற்றி. 2019-இன் இறுதியில் ட்விட்டரில் ஒரு வினோதம் வெளிப்பட்டது. ஓர் ஓவியத்தின் கீழே ‘இது டி-ஷர்ட்டில் கிடைத்தால் வாங்குவேன்’ என்று யாராவது எழுதினால் போதும், தானியங்கி நிரல்கள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சில மணி நேரத்தில் விற்பனைக்கு வைத்தன. ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து, ‘இந்தக் கடை திருட்டுப் படங்களை விற்கிறது’ என்று எழுதிய படத்தைப் போட்டு, அதையே அந்தக் கடைகள் விற்கும்படி செய்தார்கள். மனிதர் யாரும் பார்க்காமலே நடக்கும் திருட்டு இது. அதனால் அச்சுக்கு உதவாத அளவில் படத்தைப் பகிர்வதே முதல் காப்பு. ஏ3 தாளில் தெளிவாக அச்சாக 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். நீங்கள் போடும் படத்தின் நீண்ட பக்கம் 1200 பிக்சலுக்குள் இருந்தால் கண்ணுக்கு அழகாகத் தெரியும், சுவரொட்டிக்குப் போதாது. மூலையில் போட்ட கையெழுத்தை ஒரே வெட்டில் நீக்கிவிடலாம். உருவத்தின் உடலோடு, செதில்களுக்கு இடையிலோ ஆடையின் மடிப்பிலோ இழையவிட்ட கையெழுத்தை நீக்குவது கடினம்.

சான்றைச் சேர்த்து வைப்பது அதைவிட முக்கியம். முதல் பென்சில் வரைவு, லேயர் பிரித்த மூலக் கோப்பு, வரையும்போது பதிவாகும் டைம்லாப்ஸ் காணொளி ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருங்கள். திருடியவரிடம் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும். படத்தைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், நம் சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான படம், தொடராக வளரப்போகும் கதாபாத்திரம் என்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய், பொருள்களின் மீது பயன்படும் படம் என்றால் 2,000 ரூபாய். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பார்கள். பதிவுதான் உரிமையைத் தருகிறது என்பதில்லை. வழக்கு என்று வந்தால் அது முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. டிராகன், யாளி, பறக்கும் கோட்டை எல்லாம் பொதுச்சொத்து. இன்னொருவர் வரைந்த அந்த டிராகன், அதே நிலை, அதே கொம்பு, அதே ஒளி, அவருக்குச் சொந்தம். பழகுவதற்காக வீட்டில் பார்த்து வரைவதைச் சட்டமே சொந்த உபயோகம் என்று அனுமதிக்கிறது. பழகியதைப் பகிர்ந்தால் மூல ஓவியர் பெயரைச் சொல்லுங்கள், விற்காதீர்கள். ரவி வர்மா 1906-இல் மறைந்தவர், அவர் படங்கள் இப்போது எல்லோருக்கும் பொது. கோவில்பட்டியில் காலண்டர் ஓவியத்தை வளர்த்த கொண்டையராஜு மறைந்தது 1976-இல்தான். பழைய காலண்டர் என்பதாலேயே எந்தப் படத்தையும் உரிமையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்பதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

சொந்த மூலங்களை உருவாக்கிக்கொள்வதில்தான் சட்டப் பாதுகாப்பும் கைத்தேர்ச்சியும் ஒன்றாகச் சேர்கின்றன. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும், திருவரங்கம் சேஷகிரிராயர் மண்டபத்திலும் பாயும் யாளிகளும் குதிரைகளும் எந்த உரிமைத் தகராறும் இல்லாமல் நமக்காக நிற்கின்றன. கைபேசிக்குத் தடை உள்ள கோயிலில் நோட்டும் பென்சிலும் போதும். தொடைத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு மணி நேரம் தூணின் முன் உட்கார்ந்து வரைந்தவருக்கு, பிறகு எந்த விலங்கைக் கற்பனை செய்தாலும் அது தரையில் ஊன்றி நிற்கும். ‘டைனோடோபியா’ வரைந்த அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் கர்னி, இல்லாத உயிரை வரைவதற்கு முன் களிமண்ணில் சின்ன உருவம் செய்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வரைகிறவர். அந்த வழக்கத்தை 2009-இல் ‘இமேஜினேட்டிவ் ரியலிசம்’ என்ற புத்தகமாகவே எழுதினார். நம் ஊர் குயவர் தெருவில் கிடைக்கும் ஒரு பிடி மண்ணில் இதைச் செய்து பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் கற்பனை ஓவியத் துறையையும் தாக்கின. மாயஉலகக் காட்சிகளை வரையும் போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை, அவர் பாணியில் படம் வேண்டி, 2022-க்குள் சுமார் 93,000 முறை கட்டளைகளில் எழுதியிருந்தார்கள். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் அதைச் சட்டத்தால் தடுப்பது கடினம். அனுமதியில்லாமல் படங்களைப் பயிற்சிக்கு எடுத்தது சரியா என்று கேட்டு ஓவியர்கள் சிலர் 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘கிளேஸ்’ என்ற மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களைப் படத்தில் செய்து பாணியைக் கற்பதைக் குழப்புகிறது. முழுக் காப்பு அல்ல, ஆனாலும் முக்கியமான படங்களுக்குப் பயன்படுத்தலாம். மனிதர் வரையாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. உங்கள் பென்சில் வரைவுகளின் மதிப்பு இதனால் கூடித்தான் இருக்கிறது.

ஆர்டர் தருவதாக வருபவர்களில் பணத்துக்காகவே வருகிறவர்களும் உண்டு. அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ‘மாதிரிப் படங்கள்’ என்று சுருக்கிய கோப்பு அனுப்பித் திறக்கச் சொன்னால் திறக்காதீர்கள், கணக்கே பறிபோகும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை இடையிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

படம் திருடப்பட்டுவிட்டது என்றால் கோபத்தில் முதலில் எடுத்தவருக்கு எழுதிவிடாதீர்கள். எழுதினால் அழித்துவிடுவார், சான்றும் போய்விடும். முகவரி, தேதி, விலை எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முடிந்தால் ஒரு பிரதியை விலை கொடுத்தே வாங்குங்கள். பிறகு தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2013-ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வது இது: முறையான எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்துக்கான அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாள் அது நிறுத்தப்பட்டிருக்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்ப வரலாம். விற்பனைத் தளங்களில் குறைதீர் அலுவலரின் பெயர் வெளியிடப்பட்டிருக்க வேண்டும், அவருக்கும் எழுதுங்கள்.

பெரிய அளவில் விற்றவர் என்றால் நீதிமன்றம். தடையுத்தரவும் இழப்பீடும் லாபக் கணக்கும் கேட்கலாம். டெல்லி நிறுவனத்தின் மீது ஈரோட்டு ஓவியர் ஈரோட்டு மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-ஆம் பிரிவு வழி செய்கிறது. தெரிந்தே மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாரண்டு இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று உச்சநீதிமன்றம் 2022-இல் சொன்னது. வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.

எடுத்தவர் ஒரு பள்ளிப் பிள்ளை, உங்கள் படத்தைத் தன்னுடையது என்று போட்டு நண்பர்களிடம் பாராட்டு வாங்கிக்கொண்டது என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: இது நான் வரைந்தது, என் பெயரைப் போடு அல்லது எடுத்துவிடு, உனக்கு இப்படி வரையக் கற்க ஆசை இருந்தால் என் பென்சில் வரைவை அனுப்புகிறேன்.