சதுரங்கப் பயிற்சி: ஒரு மணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். அவ்வூர் மாணவன் ஒருவன் நாள்தோறும் ஒரு மணி நேரம் சதுரங்கம் பயின்றால், ஓராண்டில் அவனுக்குக் கிடைப்பதும் 365 மணி நேரமே. பள்ளிப் பாடங்கள் போக எஞ்சும் இந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது?

பலர் தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதிலேயே நேரத்தைக் கழிக்கிறார்கள். முதல் நகர்த்தலில் வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு, கறுப்புக்கும் 20. ஆக 400. இருவரும் இரண்டிரண்டு முறை நகர்த்தி முடிப்பதற்குள் வழிகள் 1,97,281 ஆகிவிடும்! எதிராளி நீங்கள் படித்த வழியை விட்டு விலகினால், மனப்பாடம் கைகொடுக்காது.

அப்படியானால் வல்லுநரின் திறமை எதில் இருக்கிறது? 1973இல் அமெரிக்க அறிஞர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுநிலையை 5 விநாடி மட்டும் காட்டி, அதை மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். வல்லுநர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் 4 காய்களையே வைத்தார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தபோதோ இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொடர்புடைய காய்களை ஒரே கொத்தாகக் காணும் பழக்கமே வல்லுநரின் பலம்.

இப்பழக்கம் புதிர்களால் வளரும். குதிரை ஒரே சமயத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது போன்ற புதிர்களுக்கு 25 நிமிடம் கொடுங்கள்.

அடுத்த 20 நிமிடம் நீங்கள் தோற்ற ஆட்டத்துக்கு. முதலில் கணினியைக் கேட்காமல், தவறிய இடத்தை நீங்களே தேடுங்கள். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டரான சென்னைச் சிறுவன் குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலில், தொடக்க ஆண்டுகளில் கணினி உதவியின்றியே பயின்றார். 2024 டிசம்பரில் அவர் உலகச் சாம்பியன் ஆனார்.

இறுதி ஆட்டத்துக்கு 10 நிமிடம்: ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் எஞ்சும்போது வெல்வது எப்படி என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தொடக்க நகர்த்தல்களுக்கு 5 நிமிடம் போதும்.

இக்கணக்கு எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்தாது. உங்களுடைய கடைசிப் பத்துத் தோல்விகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆட்டம் எப்போது கைநழுவியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கமா, நடுவா, இறுதியா? எது அதிகமோ, அதற்கு நிமிடங்களைக் கூட்டுங்கள்.