நிழலும் சாயலும்: மனிதரைப் படமெடுத்தல் குறித்த சமய மறுப்புகள்

நிழற்படம் எடுப்பதைச் சமய நம்பிக்கையின் பெயரால் மறுப்போர் உளர் என்று கூறினால், நம் மாணவருள் பலர் அதை அறியாமை என்று நகைத்து ஒதுக்கிவிடுவர். திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும், ஏன், திருவிருந்து வேளையிலுங்கூடக் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் காலம் இது. ஆயினும் அம்மறுப்பு அத்துணை எளிதாகத் தள்ளத்தக்கதன்று. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அருள்பணி ஆற்றுவோருக்கு அது ஏட்டளவில் நிற்கும் வினாவுமன்று. அங்கே உருது பேசும் இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன; ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் ஆகிய மாநிலங்களினின்று வந்த இளைஞரும் இளம் பெண்களும் தொழிற்பேட்டைகளில் உழைக்கின்றனர். இவர்களை யார் படமெடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள், எடுத்த படம் எங்கே போகிறது என்பவை திருச்சபை சிந்திக்க வேண்டிய வினாக்கள்.

இப்பகுதி நிழற்படக் கருவியை மிக முன்னரே கண்டது. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் படமெடுத்து 1858இல் ஒரு தொகுதியாக வெளியிட்டார். (கிருஷ்ணகிரி 1965இல் தருமபுரி மாவட்டத்தோடு சேலத்தினின்று பிரிந்து, 2004இல் தனி மாவட்டமாயிற்று.) டிரைப் நாடியவை கோட்டைகளும் மலைகளும் கோயில்களுமே. மக்களின் முகங்களைத் தேடிக் கருவி திரும்பியது அடுத்த கட்டத்தில். 1868க்கும் 1875க்கும் இடையே 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் பெயரோடு எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளிவந்தன. பின்னர், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வயநாட்டுப் பணியப் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடியதை அவரே அந்நூலின் முன்னுரையில் குறித்திருக்கிறார். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்துச் சென்று, பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் அஞ்சினராம். அவர் அதை வேடிக்கையாகவே எழுதினார். நமக்கோ அப்பெண்கள் முற்றிலும் தவறாக உணர்ந்தார்கள் என்று தோன்றவில்லை. அளவுகோலோடும் கருவியோடும் வந்தவர் அவர்களைக் காட்சிப் பொருளாக்கவே வந்தார். அஞ்சிய செயலின் விவரத்தில்தான் அவர்கள் பிழைபட்டனர். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிமார் சொன்னதிலும் இவ்வச்சத்தின் சாயல் உண்டு.

இனித் திருமறைக்கு வருவோம். யாத்திராகமம் 20:4இல் உள்ள தடையே கிறிஸ்தவ மறுப்பின் வேர். வானத்திலும் பூமியிலும் தண்ணீரிலும் உள்ளவற்றுக்கு ஒப்பான உருவம் செய்யலாகாது என அது விரிந்து செல்கிறது. சொற்களை அப்படியே கொண்டால் மனித உருவமும் அதனுள் அடங்கும். ஆனால் அடுத்த வசனம் வணங்குதலையும் சேவித்தலையும் குறிப்பிடுகிறது. இரண்டையும் ஒரே கட்டளையாகப் படிப்பதா, தனித்தனித் தடைகளாகப் படிப்பதா என்பதிலேயே வழிகள் பிரிகின்றன. நம் நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் சபையாரின் ஞானோபதேசத்தில் இத்தடை தனிக் கட்டளையாக எண்ணப்படுவதில்லை. முதற் கட்டளைக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலிக்கன், சீர்திருத்த மரபினருக்கு அதுவே இரண்டாம் கட்டளை. ஆகவே "இரண்டாம் கட்டளை" என்று பிரசங்கத்தில் சொன்னால், ஒரே பேட்டையில் வாழும் இரு சபையார் இரு வேறு பொருள் கொள்வர்!

உருவங்களைக் கடுமையாக எதிர்த்த கால்வின்கூட, தமது பெருநூலின் முதற் புத்தகம் பதினோராம் அதிகாரத்தில், சிற்பமும் ஓவியமும் கடவுளின் கொடைகள் என்றும், கண்ணாற் காணத்தக்கவற்றைத் தீட்டுவதில் குற்றமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அவர் தடுத்தது காணப்படாத கடவுளை உருவாக்குதலையே. எனினும் அனபாப்திஸ்து மரபினருள் சிலர் இவ்விலக்கை ஏற்கவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹட்டரைட் சமூகத்தார், ஓட்டுநர் உரிமத்திற்கென்று மனமுவந்து படமெடுக்க உடன்படுவதே கட்டளை மீறல் என்று வாதிட்டனர். 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவர்கள் வழக்கைத் தள்ளியது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இதே வினாவை எழுப்பிய பெண் ஒருவருக்கு 1984இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நிலைத்தது. ஆதார் அட்டையை வெளிப்படுத்தின விசேஷத்தின் முத்திரையோடு இணைத்து அஞ்சிய கிறிஸ்தவர் நம் வடகிழக்கு மாநிலங்களில் உண்டு. அது எண்ணைப் பற்றிய அச்சமாதலின் இங்கே அதை விரிக்கவில்லை.

தமிழ்நாட்டு இல்லங்களில் இக்கட்டளை உயிர்பெறும் இடம் வேறு. இறந்தவர் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றும் வழக்கத்தையே கூறுகிறோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்கள் நிறைந்த நிலம். போரில் வீழ்ந்தவன் உருவைக் கல்லிற் பொறித்து வழிபட்ட மரபு அங்கே பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. சட்டமிட்ட நிழற்படம் அக்கல்லின் இடத்தை வீட்டுக்குள் பெற்றுக்கொண்டது எனலாம். மாலையிடுதலை நாம் உடனே விக்கிரக ஆராதனை என்று பழித்தல் தகாது; துக்கமுற்றோர் காட்டும் அன்பு அது. ஆனால் படத்தின் முன் உணவு படைத்து வேண்டுதல் செய்யும்போது கட்டளையின் இரண்டாம் பகுதி குறுக்கே வருகிறது. ஆயர் அதை மென்மையாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும்.

இஸ்லாமிய மறுப்பு, உருவம் செய்வோரைக் கண்டிக்கும் நபிமொழிகளை அடிப்படையாகக் கொண்டது. நிழற்படக் கலை பரவியபோது, எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, அது படைத்தலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று கூறி அனுமதித்தார். நம் தமிழ்ச்சொல் 'நிழற்படம்' என்றே அமைந்திருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தேவ்பந்து மரபினர் இவ்வாதத்தை எளிதில் ஏற்கவில்லை. தேவ்பந்து தாருல் உலூம் 2013இலும் தேவையற்ற படமெடுத்தல் கூடாதென்று அறிவித்தது. கடவுச்சீட்டு, ஹஜ் பயணம், அடையாள அட்டை ஆகியவற்றிற்கான படங்கள் இன்றியமையாமை கருதி ஏற்கப்படுகின்றன.

இதனின்று வேறான ஒரு மறுப்பைத் தமிழ்நாடே எழுப்பியது. வாக்காளர் பட்டியலில் கோஷா முறையைக் கைக்கொள்ளும் முஸ்லிம் பெண்களின் படங்களை அச்சிடலாகாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில், 2010 ஜனவரியில், படந்தர மனமில்லாதவர் வாக்களிக்கச் செல்லாதிருக்கலாம் என்ற பொருள்பட உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துரைத்தது. தேர்தல் நேர்மை என்னும் நோக்கில் தீர்ப்பு ஏற்கத்தக்கதாயினும், வழக்கின் உட்கருத்தை அந்த ஒரு வாக்கியம் தொட்டதாக நமக்குத் தோன்றவில்லை. படம் செய்வது பாவமா என்பது அங்கே முதன்மையான வினாவன்று. பட்டியல் கட்சி முகவர் அனைவர் கைக்கும் செல்லும்; முன்பின் அறியாத ஆடவர் அம்முகத்தைப் பார்ப்பர் என்பதே வினா. அதாவது, உருவாக்குவோனின் குற்றத்தினின்று பார்ப்போனின் குற்றத்துக்கு மறுப்பு இடம்பெயர்கிறது. நம் இறையியல் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்விடத்தில்தான்.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா ஆடை விலகிக் கிடக்கிறான். காம் பார்க்கிறான்; பார்த்ததோடு நில்லாமல் வெளியே சென்று அறிவிக்கிறான். சேமும் யாப்பேத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னிட்டு நடந்து மூடுகிறார்கள். பார்த்தல், பரப்புதல், மூடுதல் என்னும் மூன்று செயல்களும் அங்கே உள்ளன. 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் கேமரா மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து போராடினர். அவ்விடுதியிலேயே தங்கிய பெண் ஒருவரும் அவருடைய ஆண் நண்பரும் கைது செய்யப்பட்டனர். இத்தகைய செயல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஆனால் பொதுத்தெருவில் ஒருவரைப் படமெடுப்பதை நம் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அவ்வுரிமை அரசை எதிர்த்து வலுவுடையது. தெருவில் கைப்பேசி ஏந்தி நிற்கும் மனிதனிடம் அதைக் காட்டி என்ன பயன்?

மின்னணுத் தொழிற்சாலைகள் பலவற்றின் வாயிலில், உள்ளே நுழைவோருடைய கைப்பேசியின் கேமராக் கண்மீது ஒட்டுத்தாள் ஒட்டுகின்றனர். இயந்திரத்தின் இரகசியம் காக்கப்பட வேண்டுமல்லவா! அவ்வியந்திரத்தை இயக்குபவரின் முகத்துக்கு அத்தகைய காவல் இல்லை. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் கூறிப் பொய்யான காணொளிகள் பரவின. தொடர்பற்ற நிகழ்ச்சிகளின் காட்சிகளே அவ்வாறு பரப்பப்பட்டன. அச்சமுற்றுப் பலர் ஊர் திரும்பினர். பொய்ச்சாட்சிக் கட்டளை படத்துக்கும் உரியது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். கிறிஸ்துமசு காலத்தில் வடமாநிலத் தொழிலாளருக்குப் போர்வை வழங்கும் நற்பணியைச் சபைகள் செய்கின்றன. போர்வையை ஆயர் ஒரு முனையிலும் பெறுபவர் மறுமுனையிலும் பிடித்தபடி நிற்க, படமெடுக்கப்படுகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் அறிவோம். அங்கே எக்காளம் ஊதியவர் தம்மையே விளம்பரப்படுத்தினார். நாமோ பெறுபவரின் வறுமையையும் சேர்த்து ஊதுகிறோம். மிஷனெரிக் காலத்தில் அநாதைச் சிறுவரின் படங்கள் மாயவிளக்குத் தகடுகளாக ஐரோப்பியச் சபைகளுக்குச் சென்று காணிக்கை திரட்டின. அந்தப் பழக்கத்தையே நாம் மரபாகப் பெற்றோம். கை நீட்டி நிற்பவரிடம் "படமெடுக்கலாமா?" என்று கேட்டால் அவர் மறுக்க இயலுமா? பொருளைக் கொடுத்து முடித்து, அவர் விலகிச் சென்ற பின்னர் கேட்பதே இசைவைக் கேட்பதாகும். அவர் மொழியில் கேட்பதும் வேண்டும். பாதுகாப்பு நாடும் சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நம் விடுதிகளின் ஆண்டறிக்கைகளை இக்கண்கொண்டு மீண்டும் பார்ப்பது நலம்.

இவற்றினும் கடுமையானது திருமுழுக்குப் படம். ஒடிசாவில் 1967 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உள்ளன. கந்தமாலில் 2008இல் கிறிஸ்தவர் பட்ட பாடு நாம் மறக்கக்கூடியதன்று. ஓசூரில் திருமுழுக்குப் பெறும் ஓர் இளைஞனின் படம் அன்று மாலையே வாட்ஸ்அப் வழியாக அவன் கிராமத்தை எட்டிவிடும். அவன் ஓசூரில் பாதுகாப்பாயிருப்பான். அவன் தாயும் தங்கையும் அக்கிராமத்தில் இருப்பர். படம் வெளியிட விரும்பும் குழுவினர் அதன் விளைவை ஏற்பதில்லை. ஏற்பவர் படத்திலேயே இல்லாதவர். ஆகவே இத்தகைய ஆராதனைகளில் கைப்பேசிகளை வாயிலிலேயே பெற்று வைக்கும்படி ஆயர் குழு முடிவு செய்து, அதைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒடியாவிலும் முன்னரே அறிவித்தல் வேண்டும். சபைக் குடும்பத்தார் எடுக்கும் படங்களுக்கும், ஆயரும் ஊழியரும் எடுக்கும் படங்களுக்கும் அம்முடிவு பொருந்தும்.