கறுப்பு டி-ஷர்ட்டுக்குள்ள கமுக்கமா ஒரு மெலடி!

உங்க ஹாஸ்டல்லயும் கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். தோளைத் தொடுற முடி. வாரத்துல ஆறு நாள் கறுப்பு டி-ஷர்ட், ஏழாவது நாள் அதைத் துவைச்சுக் காயப்போடுற நாள். 'மெட்டாலிகாவா? அதெல்லாம் எல்.கே.ஜி. மச்சி'ன்னு அலட்டுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் கட்டில் பக்கம் காதைக் கொடுங்க... போர்வைக்குள்ள இருந்து கசியுறது இளையராஜா!

வெளிய சொல்ல மாட்டார். சொன்னா 'போஸர்'னு முத்திரை குத்திடுவாங்க. வேஷம் போடுறவன்னு அர்த்தம். மெட்டல் ரசிகர்கள் அகராதியில இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. எங்க காலேஜ் ஜூனியர் ஒருத்தன் இந்தப் பயத்துலயே தன்னோட மெலடி ஃபோல்டருக்கு 'ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்ஸ்'னு பேர் வெச்சிருந்தான். யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்கன்னு நம்பிக்கை!

ஆனா பாஸ், மெட்டலை உருவாக்கின பெருசுங்களுக்கு இந்தப் பயமே இருந்ததில்லை. அவங்க வேற இசையைக் கேட்கலைன்னா, நமக்கு மெட்டலே கிடைச்சிருக்காது.

முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல தகரத்தை வெட்டி மடிச்சு ட்ரே செஞ்சீங்களே, ஞாபகம் இருக்கா? ஹெவி மெட்டல் கதையும் அப்படி ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரியிலதான் ஆரம்பிக்குது. ஊர், இங்கிலாந்துல இருக்கிற பர்மிங்ஹாம். டோனி அயோமிக்கு அப்போ 17 வயசு. கிடார்தான் இனி வாழ்க்கைன்னு முடிவு பண்ணி வேலையை விட்டுட்டார். அன்னிக்குக் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. 'ஒப்புக்கிட்ட வேலையை ஒழுங்கா முடி'ங்கிற ரகம் அவங்க அம்மா. அனுப்பி வெச்சுட்டாங்க. வழக்கமா பிரஸ் மெஷின்ல நிக்கிற ஆள் அன்னிக்கு வரலை. பழக்கமே இல்லாத அயோமியை அங்கே நிறுத்தினாங்க. மெஷின் இறங்குச்சு. வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டுக்கும் நுனி போச்சு. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால கிடார் தந்தியை அழுத்துற கை அந்த வலது கைதான்.

இடிஞ்சுபோய் வீட்டுல கிடந்தவரைப் பார்க்க ஃபேக்டரி மேனேஜர் வந்தார். கையில ஒரு இசைத்தட்டு. கேட்கவே மாட்டேன்னு முரண்டு பிடிச்சவரை விடாம வற்புறுத்திக் கேட்கவெச்சார். அட்டகாசமான ஜாஸ் கிடார்! வாசிச்ச ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928-ல தன்னோட வண்டி வீடு தீப்பிடிச்சதுல இடது கையில ரெண்டு விரல் செயலிழந்தவர். மிச்ச ரெண்டு விரல்லதான் அத்தனை வேகத்தையும் காட்டினார்னு மேனேஜர் சொல்ல, அயோமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்தது பக்கா இன்ஜினீயரிங். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டினார். அழுத்தினா வலிச்சது. மெல்லிசான தந்திக்கு மாறினார். பின்னாடி தந்தியோட இறுக்கத்தையே தளர்த்தினார். இழுவிசை குறைஞ்சா அதிர்வெண் குறையும்... ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்! 1971-ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல கிடார் பூமிக்கு அடியில இருந்து உறுமுற மாதிரி இருக்கே, அதுக்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம். ஒரு ஜாஸ்காரர் அந்தப் பையனை எழுப்பி உட்கார வைக்கலைன்னா, நாம எதுக்குத் தலையை ஆட்டியிருப்போம்?

அதே பிளாக் சபாத்துல பேஸ் வாசிச்ச கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட்ங்கிற ஆங்கில இசையமைப்பாளரோட 'தி பிளானட்ஸ்' பைத்தியம். அதுல செவ்வாய் கிரகத்துக்கான இசையை பேஸ்ல மீட்டிப் பார்த்துட்டிருந்தார். அதோட பாதிப்புலதான் அயோமியோட அந்தத் திகில் மூணு ஸ்வரம் பிறந்துச்சு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த முதல் ஆல்பத்தோட முதல் பாட்டு அது. நம்ம கணக்குல சொன்னா, ஸட்ஜத்துல இருந்து பிரதி மத்யமத்துக்கு ஒரு தாவல். கல்யாணியில அம்மனா வர்ற அதே ஸ்வரம், அங்கே பேயா வருது!

ஆஸி ஆஸ்பர்னை பாட்டுப் பக்கம் இழுத்ததே பீட்டில்ஸ்தான். 2025 ஜூலையில இறந்துபோற வரைக்கும் அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் 1977-ல ஜோன் பயஸோட நாட்டுப்புற பாணிப் பாட்டை எடுத்து மெட்டலாக்கினாங்க. மெட்டாலிகா 1983-ல இருந்து மேடை ஏறுறது என்னியோ மோரிகோனியோட கௌபாய் பட இசை ஒலிக்கத்தான். (1999-ல அவங்க சிம்ஃபொனியோட சேர்ந்து வாசிச்ச 'எஸ் அண்ட் எம்' மட்டும் எனக்கு ஒட்டலை. பாதி நேரம் வயலினெல்லாம் கிடாருக்கு அடியில நசுங்குது. அடிக்க வராதீங்க!) 2009-ல சென்னை ஐ.ஐ.டி. சாரங்குக்கு வந்து அதிரவெச்ச ஓபெத்தும் இதே கட்சி. 2003-லயே உறுமலே இல்லாம 'டேம்னேஷன்'னு ஒரு முழு ஆல்பம் போட்டவங்க. யாரும் அவங்களை போஸர்னு சொல்லிடலையே?

என் ஹீரோ கிளிஃப் பர்ட்டன். மெட்டாலிகாவோட பேஸிஸ்ட். அவரோட காதல், 1750-லயே இறந்துபோன பாக் மேல! ஒரு இழை ஒரு வழியில போகும், இன்னொண்ணு தனி வழியில போகும், ரெண்டும் பின்னிக்கும்... பாக்கோட அந்த வித்தையை ஊன்றிக் கேட்டவர் கிளிஃப். இசை இலக்கணத்தை பேண்டுல மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1986 மார்ச்சுல வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்துல 'ஓரியன்' கேளுங்க. வார்த்தையே கிடையாது. நடுவுல எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியா நடக்க ஆரம்பிக்கிற இடம்... உச்சி மண்டையில சிலிர்க்கும். அந்த செப்டம்பர்லயே ஸ்வீடன்ல பஸ் கவிழ்ந்து கிளிஃப் போயிட்டார். வயசு 24. நம்மைவிட நாலு வயசுதான் பெரியவர்.

அதே 1986-ல இங்கே ஒருத்தரும் பாக்கைப் பிடிச்சு உட்கார்ந்திருந்தார். 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செஞ்ச நம்ம இளையராஜா! அதுல ஒரு உருப்படியோட பேரே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. கலிஃபோர்னியாவுல ஒரு முடிக்காரர், கோடம்பாக்கத்துல ஒரு வெள்ளை வேட்டிக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டி முதல்ல 'ஓரியன்', அடுத்து இதைப் போடுங்க. நடுவுல விளம்பரம் வராம பார்த்துக்கங்க. ஃபோல்டருக்குப் பேர் என்னன்னு யாராவது கேட்டா, 'பாக்'னே சொல்லுங்க!