கிணற்று நீரும் வீட்டு வடிகட்டிகளும்

தென்மராட்சிக் கமக்காரர்க்குச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சாவகச்சேரியிலும், அதனைச் சூழ்ந்த மட்டுவில், மீசாலை, கொடிகாமம், வரணி முதலிய ஊர்களிலும், நெல்வயலுக்கு மாரி மழை நீர் தருகின்றது. கத்தரி, மிளகாய், வெண்டித் தோட்டங்களுக்குக் கிணறு நீர் தருகின்றது. குழாய்நீர் எட்டாத வீடுகளில் குடிநீரும் அந்நிலத்தடியிலிருந்தே வருகின்றது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. எனினும், கிணற்றை நம்பியுள்ள குடும்பங்கள் தம் நீரைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும்.

கடைகளில் பலவகை வடிகட்டிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் எது நல்லது என்று கேட்குமுன், எமது கிணற்று நீரிலுள்ள குற்றம் யாது என்று கேட்பதே முறையாகும். ஒரு குற்றத்தை நீக்கும் முறை மற்றொன்றைத் தொடாமல் விடலாம். சில வேளைகளில் அதனைக் கூட்டியும் விடலாம்.

நீரிலுள்ள குற்றங்கள்

குடாநாட்டுக் கிணற்று நீரில் நால்வகைக் குற்றங்கள் காணப்படலாம்.

முதலாவது நோய்க்கிருமி. மலக்குழியும் மாட்டுக் கொட்டிலும் கிணற்றுக்கு அண்மையில் இருப்பின், கழிவுநீர் நிலத்தினூடாகக் கிணற்றை அடையும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் முதலிய நோய்கள் இதனால் உண்டாகும்.

இரண்டாவது வன்மை. நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல் நீரிற் கரைவதால் கேத்தலின் அடியில் வெண்படிவு படிகின்றது, சவர்க்காரம் நுரைப்பதில்லை. இது தொல்லையேயன்றிப் பெருந் தீங்கன்று.

மூன்றாவது உவர். நன்னீரானது கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாக நிலத்தடியில் இருக்கின்றது. கோட்பாட்டளவில், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருப்பின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். ஆகவே, இயந்திரத்தால் அளவின்றி இறைத்து மேல்மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும் கீழிருந்து உவர்நீர் வெகுவாக மேலெழும். கச்சாய், தனங்கிளப்பு போன்ற கடல்நீரேரிக் கரையூர்களில் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

நான்காவது நைத்திரேற்று. பசளையிலும் சாணத்திலும் மலக்கழிவிலும் உள்ள நைதரசன் இவ்வுருவில் நீரோடு கீழிறங்குகின்றது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எனவே தெளிந்த நீர் என்பதனால் அது தீதற்றது எனக் கொள்ளலாகாது. குடிநீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே நைத்திரேற்று இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் சிறு குழந்தைகளின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர், பண்ணைக் கிணற்று நீரால் குழந்தைகளுக்கு இந்நோய் உண்டானதை எடுத்துக் காட்டினார்.

வீட்டு முறைகளின் ஒப்பீடு

கொதிக்கவைத்தல்: நீர் நன்றாகக் கொதித்தபின் 1 நிமிடமேனும் கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் மடியும். வன்மையில் ஒரு பகுதியும் படிவாக நீங்கும். ஆனால் உவரும் நைத்திரேற்றும் நீங்கா. 1 லீற்றரில் 60 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள 10 லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து 8 லீற்றராகச் சுண்டவிட்டால், அதன் அளவு 75 மில்லிகிராமாக உயரும். குழந்தைக்கென்று நீரை நெடுநேரம் கொதிக்கவைக்கும் தாய், தான் அறியாமலே தீங்கைக் கூட்டுகின்றாள்.

குளோரின் இடுதல்: வெள்ளத்தின் பின்னும், கிணறு கலங்கிய பின்னும் ஏற்ற முறை. கிணற்றின் நீரளவைக் கணித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவிலேயே வெளிற்றும் தூளை இடுதல் வேண்டும். கிருமியை மட்டுமே இது கொல்லும்.

மணல் வடிகட்டியும் மட்குழல் வடிகட்டியும்: கலங்கலை நீக்கும், நன்கு பேணப்படின் கிருமிகளிற் பெரும்பகுதியையும் தடுக்கும். வெடித்த மட்குழலை உடனே மாற்றுக. உவரையும் நைத்திரேற்றையும் இவை நீக்கா.

கரி வடிகட்டி: மணத்தையும் குளோரின் சுவையையும் போக்கும். கரியை உரிய காலத்தில் மாற்றாவிடின் அதிலேயே கிருமி வளரும். நைத்திரேற்றுக்கு இது பயன்படாது.

நீர் மென்மையாக்கி: வன்மையை மாத்திரம் நீக்கி, அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரிற் சேர்க்கும்.

ஆர்.ஓ. பொறி: மென்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தும் இப்பொறி, உவர், வன்மை, நைத்திரேற்று ஆகிய மூன்றையும் பெரிதும் குறைக்கும். ஆனால் விலை அதிகம், மின்சாரம் வேண்டும், சவ்வையும் காலந்தோறும் மாற்றவேண்டும். 1 பங்கு நன்னீர் பெறுவதற்கு 2 அல்லது 3 பங்கு நீர் கழிவாகச் செல்வதும் உண்டு. ஆதலின் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே அந்நீரைப் பயன்படுத்துக. கழிவுநீரைக் கழுவும் வேலைகளுக்குக் கொள்க, கிணற்றருகே ஊற்றற்க.

மழைநீர் சேகரிப்பு

குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 500 மில்லிமீற்றர் மழை பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 20,000 லீற்றர் சேரும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் கொண்டால், 8 மாத வரட்சிக்கு 6,000 லீற்றர் தொட்டி போதும். மழைநீரில் உவரில்லை, பசளையும் கலப்பதில்லை. முதல் மழையை வெளியே விட்டு, கூரையும் பீலியும் கழுவப்பட்ட பின்னரே நீரைத் தொட்டிக்குத் திருப்புக. நுளம்பு புகாதவாறு வலையிட்டு மூடுக. பறவை எச்சம் கலக்கலாமாதலின், குடிக்குமுன் கொதிக்கவைத்தல் நன்று.

தோட்டத்தில் இடுவது கிணற்றில் வரும்

50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறின் ஏறக்குறைய 100 கிலோவாகும். பயிர் உண்ணாமல் அதிற் பத்திலொரு பங்கே கீழிறங்கினும், 2 இலட்சம் லீற்றர் தூய நீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவர அது போதுமானது. மணல் நிலமும் வெடிப்புள்ள சுண்ணக்கல்லும் அதனைத் தடுத்து நிறுத்தா. பயிருக்கெனக் காசு கொடுத்து வாங்கிய பசளையைக் கிணற்றுக்கு இட்டு, அதனை நீக்க மீண்டும் காசு கொடுத்துப் பொறி வாங்குவது இருமுறை நட்டமன்றோ?

செய்யவேண்டியவை

1. கிணற்று நீரை முதலிற் பரிசோதிப்பிக்க. முதல் மழையின் பின் நைத்திரேற்றுக்கும், கோடையின் இறுதியில் உவருக்கும் சோதித்தல் பயன்தரும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அதற்குரிய வழியைக் கேட்டறிக.

2. கிருமி மட்டும் இருப்பின், கொதிக்கவைத்தலே மலிவான வழி. உவரோ நைத்திரேற்றோ மிகுந்திருப்பின், மழைநீர்த் தொட்டியையோ ஆர்.ஓ. பொறியையோ நாடுக.

3. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுக்க. புட்டிப்பால் தவிர்க்கமுடியாதெனின், சோதிக்காத கிணற்று நீரில் அதனைக் கரைக்கலாகாது.

4. மண்ணைச் சோதித்து, விதந்துரைக்கப்பட்ட அளவில், யூரியாவைப் பல தடவையாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடற்க.

5. மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்; சுண்ணக்கல் நிலத்தில் இன்னும் விலகியிருத்தல் நன்று. சாணக் குவியலையும் தள்ளி வைக்க.

6. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் அமைத்து, சுற்றிலும் சீமெந்துத் தளம் இடுக. தேவைக்கு மேல் இறைக்கற்க.

கிணறு ஒன்றாயினும் அதன் ஊற்று அயலார் அனைவர்க்கும் பொது. தன் தோட்டத்தில் பசளையை அளந்து இடும் கமக்காரன், தன் பிள்ளையின் குடிநீரோடு அயலவன் பிள்ளையின் குடிநீரையும் காக்கின்றான்.