‘அம்மா’ என்று எழுதினால் கர்சர் கீழே இறங்கி மேலே ஏறும்: தெரியுமா?

விண்டோஸ் கணினியில் ‘பட்டி’ மென்பொருளைத் திறந்து ஒரு லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்திருக்கிறீர்கள். ஒரு ஜிப் கோப்பை, உரைக் கோப்பு என்று நினைத்து ‘கேட்’ கட்டளை கொடுத்துவிடுகிறீர்கள். திரை முழுக்கக் குப்பை ஓடி ஒருவழியாக நிற்கிறது. விசைப்பலகை மேல் உங்கள் கையே இல்லை. ஆனால் கட்டளை வரியில் ‘பட்டிபட்டிபட்டி’ என்று அந்த மென்பொருளின் பெயர் வரிசையாக வந்து நிற்கிறது! தட்டியது யார் தெரியுமா?

அந்த மென்பொருளேதான்! எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 5-ம் எண், எதிர்முனையைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கும் குறி. 1963-ல் ஆஸ்கி முதன்முதலில் வெளியானபோதே அது அதில் இருந்தது. கம்பி வழியே வருவதைத் தாளில் அடிக்கும் அந்தக் காலத்து டெலிடைப் இயந்திரத்துக்குள் இதற்கென்றே ஒரு சின்ன உருளை சுழலும். அதன் பற்களை வேண்டிய இடத்தில் ஒடித்து ஒடித்து, அந்த இயந்திரத்தின் பெயரை அதில் பதித்து வைப்பார்கள். கம்பி வழியே ‘நீ யார்?’ வந்ததும் உருளை ஒரு சுற்று சுற்றும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பதில் போய்விடும். ஜிப் கோப்பில் எங்கெல்லாம் 5 என்ற பைட் தற்செயலாக வருகிறதோ, அங்கெல்லாம் சர்வர் தன்னை விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு ‘பட்டி’ தன் பெயரைச் சொல்கிறது. அந்தப் பதில் நீங்கள் தட்டியது போலவே சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. உருளை போய்விட்டது, பற்கள் போய்விட்டன, கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன!

ஆஸ்கியில் மொத்தம் 128 இடங்கள். அதில் 33 இடங்களுக்கு உருவமே கிடையாது. அவை எழுத்துகள் அல்ல, ஏவல்கள். மணி அடி, தாளை நகர்த்து, நிறுத்து, தொடங்கு என்று இயந்திரத்தை வேலை வாங்கும் கட்டுப்பாட்டுக் குறிகள்.

சரி, உங்கள் விசைப்பலகையில் இருக்கும் கண்ட்ரோல் விசை டெர்மினலில் உண்மையில் என்ன செய்கிறது தெரியுமா? கழித்தல் கணக்கு! பெரிய ‘ஜி’ எழுத்தின் எண் 71. கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் 64 கழிந்து 7 மிஞ்சும். 7 என்றால் மணி. டெலிடைப்பில் நிஜமாகவே உலோக மணி ஒன்று இருந்தது. ‘எம்’ 77, கழித்தால் 13, அதாவது என்டர். ‘ஐ’ 73; கழித்தால் 9, டேப். ‘சி’ 67, கழித்தால் 3, ‘உரை முடிந்தது’. ஓடுகிற நிரலை நிறுத்த நாம் தினமும் அழுத்தும் கண்ட்ரோல் சி இதுதான்! டெர்மினலில் என்டர் விசை உடைந்துபோனாலும் கவலை இல்லை, கண்ட்ரோல் எம் அழுத்துங்கள், வேலை நடக்கும்.

கண்ட்ரோல் எஸ் அழுத்தியதும் டெர்மினல் உறைந்துபோய், இணைப்பே அறுந்துவிட்டது என்று ஜன்னலை மூடியவர்கள் எத்தனை பேர்! உண்மையில் எதுவும் அறுந்திருக்காது. டெலிடைப்பில் ஓட்டை போட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி உண்டு. 19-ம் எண் அதை நிறுத்தும், 17-ம் எண் மறுபடி ஓட்டும். கண்ட்ரோல் எஸ் 19, கண்ட்ரோல் க்யூ 17. க்யூ அழுத்திப் பாருங்கள், உறைந்தது உயிர் பெற்றுவிடும்.

காகித நாடா என்றதும் இன்னொன்று. கட்டுப்பாட்டுக் குறிகள் எல்லாம் 0 முதல் 31 வரை ஒரே கூட்டமாக இருக்க, அழிப்பதற்கான குறி மட்டும் தன்னந்தனியாக 127-ல் போய் உட்கார்ந்திருக்கிறதே, ஏன் தெரியுமா? நாடாவில் போட்ட ஓட்டையை யாரால் அடைக்க முடியும்? தப்பாக அடித்த எழுத்தின் மேலேயே ஏழு ஓட்டைகளையும் போட்டுவிட்டால், அங்கே முன்பு என்ன இருந்திருந்தாலும் மறைந்துவிடும்! ஏழு பிட்டும் ஒன்று என்றால் 127. ஒரு ஓட்டையும் இல்லாத வெற்று நாடா 0. இரண்டையும் இயந்திரம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.

விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்று இரண்டு குறிகள், லினக்ஸில் 10 மட்டும். இதனால் ஸ்கிரிப்ட் ஓடாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதன் வேர் தெரிய வேண்டும். 13 அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் திருப்பும், 10 தாளை ஒரு வரி நகர்த்தும். டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். ஆனால் வலது ஓரத்தில் இருக்கும் தலை இடது ஓரத்துக்குத் திரும்ப ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால்தான் 13 முதலில்! தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே தாளும் நகர்ந்துவிடும். வரிசையை மாற்றினால் தலை பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த எழுத்து விழுந்து தாளில் தீற்றலாகும். இன்று நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும்போதும் ஒவ்வொரு வரியும் இதே 13, 10-ல்தான் முடிகிறது. எந்தத் தலையும் எங்கேயும் திரும்பவில்லை!

இப்போது விடி100-க்கு வருவோம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த கண்ணாடித்திரை டெர்மினல் அது. இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த ஒரு பெட்டியைப் பார்த்துத்தான் நடிக்கின்றன. இதற்குள் இரண்டு எழுத்து அட்டவணைகள் தயாராக இருக்கும். 14-ம் எண் வந்தால் இரண்டாவதற்குத் தாவும், 15 வந்தால் முதலாவதற்குத் திரும்பும். இரண்டாவதில் கோடு வரையும் அட்டவணையை வைத்திருந்தால் வேடிக்கையைப் பாருங்கள்: சின்ன ‘க்யூ’ படுக்கைக் கோடாகும், ‘எக்ஸ்’ நிமிர்ந்த கோடாகும், ‘எல்’, ‘கே’, ‘எம்’, ‘ஜே’ நான்கும் பெட்டியின் நான்கு மூலைகள்! டெர்மினலில் அழகழகாகக் கட்டம் போட்ட மெனுக்கள் பல இப்படி வரைந்தவைதான். குப்பைக் கோப்பைத் திரையில் கொட்டிய பிறகு நீங்கள் தட்டுவதெல்லாம் கோடும் கட்டமுமாக வருகிறதா? அட்டவணை தாவிவிட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். திரையில் அந்தச் சொல் கோடுகளாகத் தெரிந்தாலும் சர்வருக்குச் சரியாகவே போகும்.

இப்படி அட்டவணை மாற்றும் உத்தி எவ்வளவு பழையது தெரியுமா? பிரான்ஸின் எமில் போடோ 1874-ல் காப்புரிமை பெற்ற தந்தி முறையில் ஐந்தே பிட்டுகள், 32 சேர்க்கைகள். எழுத்தும் எண்ணும் அதற்குள் அடங்காது. ஆகவே ‘இனி எழுத்து’, ‘இனி எண்’ என்று மாற்றிவிடும் குறிகள். 1991-ல் இந்தியத் தர நிர்ணயமாக வந்த இஸ்கியிலும் இதே உத்திதான்! 179 என்ற பைட் ‘க’. தமிழ் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நம் ‘க’, தேவநாகரி என்று சொல்லியிருந்தால் இந்தியின் ‘க’. ஒரே கோப்பை எழுத்து மாற்றி எழுத்து மாற்றிப் படிக்கலாம்.

ஏழு பிட் காலத்தில் ஸ்வீடன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களுக்கு மூன்று எழுத்து கூடுதலாக வேண்டும், இடமோ இல்லை. நெளிவு அடைப்புக்குறிகள் உள்ளிட்ட சில குறிகள் இருந்த இடத்தில் தங்கள் எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். அந்தத் திரையில் சி நிரல் ஒன்றைத் திறந்தால் அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடமெல்லாம் உயிரெழுத்து நிற்கும்!

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் பிறந்த கெர்மிட் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. டெர்மினல் கம்பி வழியாகவே கோப்புகளை அனுப்பும் முறை அது. கோப்புக்குள் இருக்கும் 3, 17, 19 எல்லாம் வழியில் இருக்கும் கணினிகளுக்கு ஏவலாகத் தெரிந்துவிடுமே? கெர்மிட் அவற்றுக்கு வேடம் போட்டு அனுப்பியது. 3-ஐ # என்ற குறியும் ‘சி’ எழுத்துமாக மாற்றும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேடம் கலையும். எந்த உலோகப் பெட்டியிலிருந்தும் எந்த உலோகப் பெட்டிக்கும் கோப்பு போனது!

விஐ எடிட்டரில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் ஏன்? பில் ஜாய் அதை எழுதப் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அதே டெர்மினலில் ‘ஹோம்’ என்ற சொல்லும் ~ குறியும் ஒரே விசையில். லினக்ஸில் உங்கள் ஹோம் அடைவுக்கு இன்றும் ~ தான்!

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது நம் எழுத்துகளின் கதை. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசை விரிப்புக் காகிதத்தில் கென் தாம்சன் ராப் பைக்கோடு உட்கார்ந்து வடிவமைத்தது, உலக மொழிகளின் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8. ஆஸ்கியில் இல்லாத எந்த எழுத்தின் பைட்டும் 128-க்குக் கீழே வராது என்பது அதன் அருமை. ஆகவே பழைய 33 குறிகளாக எந்த எழுத்தும் வேடம் தரிக்க முடியாது. ஆனால் எட்டு பிட் டெர்மினல்களில் 128 முதல் 159 வரை இரண்டாவது கூட்டம் ஒன்று உண்டு. அதுவும் உருவமற்ற ஏவல்களே. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் யுடிஎஃப்-8-ல் மூன்று பைட். அந்த மூன்றாவது பைட் எங்கே போய் விழுகிறது தெரியுமா? உயிரெழுத்து பன்னிரண்டுக்கும், ஆய்தத்துக்கும், க, ங, ச, ஜ, ஞ, ட ஆறுக்கும் நேராக அந்த ஏவல் வட்டாரத்துக்குள்!

‘அ’ என்பது 224, 174, 133. 133 என்றால் ‘அடுத்த வரிக்குப் போ’. மெய்யெழுத்தின் புள்ளி 224, 175, 141. 141 என்றால் ‘ஒரு வரி மேலே ஏறு’. இப்போது எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் மென்பொருளை, ஒரு பைட்டை ஓர் எழுத்தாகப் படிக்கும் பழைய லத்தீன்-1 முறையில் வைத்து ‘அம்மா’ என்ற சொல்லை அதற்கு அனுப்புங்கள். தலையில் கோடு விழுந்த ‘ஏ’ ஒன்றும் வட்டத்துக்குள் ‘ஆர்’ ஒன்றும் வரும். உடனே கர்சர் அடுத்த வரிக்கு இறங்கும். அங்கே ‘ம’ குப்பையாக விழும். புள்ளி வந்ததும் கர்சர் மேலே ஏறும். ‘மா’ பழைய வரியிலேயே, சற்றுத் தள்ளி விழும்! ‘ஈ’ வந்தால் அந்த இடத்தில் டேப் நிறுத்தம் ஒன்று குத்தப்படும். ‘ஐ’-யின் 144, ‘இனி வருவது கருவிக்கான கட்டளைத் தொடர், திரையில் காட்டாதே’ என்று தொடங்கிவைக்கும். அந்தத் தொடரை முடித்துவைக்கும் 156 எந்த எழுத்தில் இருக்கிறது? ‘ஜ’! ‘ஐ.ஜி.’ என்று எழுதிப் பாருங்கள், நடுவில் இருப்பதை டெர்மினல் விழுங்கிவிடும்.

யுடிஎஃப்-8 அறிந்த டெர்மினலில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று பைட்டையும் ஒன்றாகக் கோத்து எழுத்தாக்கிய பிறகுதான் அது ஏவலா என்று பார்க்கும். ஆனால் திரை இன்னும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்று ஒரு பட்டியல் சொல்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் ‘ி’ இடம் எடுக்கும் குறி, ‘ீ’ இடம் எடுக்காத குறி. ஆகவே அந்தப் பட்டியலை நம்பும் டெர்மினலில் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரே கட்டம்! ‘கொ’வின் மூன்று உருவங்களுக்கும் கிடைப்பது இரண்டே கட்டம். கட்டளை வரியில் தமிழ்க் கோப்புப் பெயரைத் திருத்தும்போது கர்சர் ஓர் எழுத்து தள்ளி நிற்பதும், அழித்த எழுத்து திரையில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். இதைச் சரிசெய்யப் பட்டியலைத் திருத்தினால் மட்டும் போதாது. டெர்மினலும், ஷெல்லும், அதற்குள் ஓடும் எடிட்டரும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்.