புத்தகம் போட்டிருக்கீங்களா? வெப்சைட்டுக்கு 25,000 கொடுக்கும் முன் இதைப் படிங்க



பகல் முழுக்க ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்கு மேல எழுத்து. இப்படி எழுதி, சொந்தக் காசில் புத்தகம் போட்டவங்க நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நிறையவே இருக்காங்க. மில் ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறவர், பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறவர்னு பல பேர். அச்சாகி வந்ததும் 300 காப்பி கட்டிலுக்கு அடியில் போய் உக்காந்துடும். உடனே யாராவது ஒருத்தர் சொல்வார்: "தனியா ஒரு வெப்சைட் போட்டுடுங்க சார், தானா வித்துடும்."

தானா விக்காது. நான் நம்பி ஏமாந்தவன், அதனால சொல்றேன். வீட்டு பட்ஜெட் பத்தி நான் ஒரு சின்னப் புத்தகம் போட்டப்போ, தெரிஞ்சவர் ஒருத்தரிடம் 18,000 ரூபாய் கொடுத்து தளம் செய்தேன். பார்க்க பளபளன்னு இருந்தது. ஆனா டொமைனை (அதாவது தளத்தோட பெயரை) அவர் தன்னோட இமெயில்ல, தன்னோட பேர்ல பதிவு பண்ணியிருந்தார். அடுத்த வருஷம் ரினியூவல் தேதி தாண்டிப் போச்சு, அவர் போனை எடுக்கலை. முகவரி கைவிட்டுப் போனது. புத்தகத்தோட பின் அட்டையில் அச்சடிச்சிருந்ததும் அதே முகவரிதான். மிச்சமிருந்த 200 காப்பிக்கும் உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டினேன்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்க புத்தகம் 200 ரூபாய்னு வெச்சுக்குவோம். அச்சுச் செலவு ஒரு காப்பிக்கு 100, கவர், கட்டு, போக வர பெட்ரோல் எல்லாம் சேர்த்து 20. தபால் செலவை வாசகரே ஏத்துக்கிறார்னா உங்க கையில் நிக்கிறது 80 ரூபாய். தளத்துக்கு 25,000 செலவு பண்ணினா அந்தப் பணம் திரும்பி வரவே 313 காப்பி விக்கணும். உங்ககிட்ட இருக்கிறதே 300 காப்பி! அதே நேரம், பிளாகரில் இலவசமா ஒரு தளம் தொடங்கி, சொந்த டொமைனை மட்டும் வாங்கி இணைச்சா வருஷத்துக்கு சுமார் ஆயிரம் ரூபாயில் முடிஞ்சிடும். 13 காப்பி வித்தா போதும். டொமைன் வாங்கும்போது முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்க்காதீங்க, இரண்டாம் வருஷ ரினியூவல் விலையைப் பாருங்க. பதிவு உங்க பேர்ல, உங்க இமெயில்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும். டிசைன் வேலையை யார் வேணும்னாலும் செய்யட்டும், இதை மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

அப்போ சொந்தத் தளம் எதுக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைச்சுப் பாருங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. அந்தப் பேரை ஒட்டி எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் விக்கிறாங்க. ஆனாலும் ருசி தெரிஞ்சவங்க ஊருக்கு வந்தா, வழக்கமா வாங்குற கடையைத் தேடித்தானே போறாங்க? அமேசான்ல உங்க புத்தகத்தை வாங்கினவர் யார், எந்த ஊர்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த புத்தகம் வரும்போது அவருக்கு எப்படிச் சொல்வீங்க? தேடி வர்றவங்களுக்கு ஒரு முகவரி, அவங்களைத் திரும்பக் கூப்பிட ஒரு இமெயில் பட்டியல். தளத்தால் கிடைக்கிற சொத்து இது ரெண்டும்தான்.

தேடி வரவைக்கிறது எழுத்து. நம்ம விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றுக்காரர் எஸ். ராமகிருஷ்ணன், 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தேசாந்திரின்னு சொந்தப் பதிப்பகமும் வெச்சிருக்கார். அவரோட தளத்தைப் போய்ப் பாருங்க. படிச்ச புத்தகம், பார்த்த சினிமா, போன ஊர்னு கட்டுரைகள்தான் வரிசையா இருக்கும். வாசிக்க வர்றவர் புத்தகத்தையும் பார்ப்பார்.

அமெரிக்காவில் ஆண்டி வெயர்னு ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர், வேலையில் இருந்தபடியே 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமா தன் தளத்தில் இலவசமா போட்டார். வாசகர்கள் கேட்டதால 2011-ல் கிண்டிலில் 99 சென்டுக்கு ஏத்தினார். 2014-ல் பெரிய பதிப்பகம் வெளியிட்டது, 2015-ல் ஹாலிவுட் படமாச்சு. இது எல்லாருக்கும் நடக்காதுதான். ஆனா அவர் செய்த வரிசையைக் கவனிங்க. முதல்ல வாசகர்கள், அதுக்கப்புறம் விற்பனை.

அதனால முகப்பில் சுழலும் படம், பின்னணி இசையெல்லாம் வேண்டாம். அட்டைப்படம், புத்தகம் எதைப் பத்தினு நாலு வரி, முழுசா ஒரு அத்தியாயம், விலை, வாங்கும் வழி, இமெயில் கொடுக்க ஒரு பெட்டி. போனில் சட்டுனு திறக்கணும். பேமென்ட் கேட்வே வெச்சா ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 2 சதவீதம் போகும், அதுக்கு ஜிஎஸ்டி வேற. மாசம் பத்து காப்பி விக்கிற நமக்கு யூபிஐ கியூஆரும் வாட்ஸ்அப் நம்பரும் தாராளம். அதுக்குத் தனி சிம் வாங்கிக்கோங்க.

அனுப்புறதுக்கு அஞ்சல் துறை 2025 மே மாசம் தொடங்கின 'ஞான் போஸ்ட்' இருக்கு. தொடங்கினப்போ 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தோட பேர் இருக்கணும்ங்கிறது விதி. சொந்தமா போடுறவங்க இதை மறந்துடுறாங்க. ஐஎஸ்பிஎன் எண்ணும் நம்ம நாட்டில் இலவசம்தான், ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சியில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

மின்னூல்ல ஒரு சிக்கல் இருக்கு. இந்திய விற்பனைக்கு அமேசான் கேடிபியில் 70 சதவீத ராயல்டி வேணும்னா 'கேடிபி செலக்ட்'டில் சேரணும். சேர்ந்தா அந்த 90 நாளும் மின்வடிவம் வேற எங்கயும் இருக்கக் கூடாது, உங்க சொந்தத் தளத்திலும்தான். மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை போடலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. எல்லா அத்தியாயத்தையும் ஏற்கெனவே தளத்தில் போட்டிருக்கீங்கன்னா, எடுத்துட்டுத்தான் சேரணும்.

கடைசியா வரி. பதிப்பகம் கொடுக்கிற ராயல்டி வேற, நீங்களே வித்து வர்ற லாபம் வேற. பின்னது தொழில் வருமானம். அது வந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது. அதைவிட முக்கியம்: சம்பளம் மட்டும் வாங்கினா பழைய வரிமுறை, புதிய வரிமுறைனு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருக்கும்போது பழைய முறையை எடுத்துட்டு புதியதுக்குத் திரும்பினா, அந்த வருமானம் இருக்கிறவரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வட்டியை நம்பி பழைய முறையில் இருக்கிறவங்க இதை யோசிச்சுச் செய்யுங்க. ஆஃபர் லெட்டரில் வேற வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் ஒரு தடவை எடுத்துப் படிச்சுடுங்க. 300 காப்பி வித்தவருக்கு ஐடிஆர் எப்படிப் போடணும்னு அடுத்த வீடியோவில் ஸ்கிரீனிலேயே காட்டுறேன்.